யார் வைத்த பேர்?

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கோழியாளம் என்று ஒரு கிராமம். அந்த ஊரில் பிறந்த பையன் ஒருவன் கோயம்புத்தூரில் போய்ப் படித்தான். அங்கே ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது பழகினால் ஊர் எது, குடும்பம் எது என்று பேச்சு வளரும். வளர்ந்தால் சாதி தெரிந்துவிடும். அதனால் அவன் காலையில் பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவான். மாலையில் பள்ளி விட்டதும், யாரும் கூட வந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவான். சேர்ந்து விளையாட ஆள் கிடையாது.

அந்தப் பையன்தான் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் சென்னையில் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘பறையன்’. ஒளிந்து படித்த கதையை, 1939-ல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

மணி அடிக்கும்வரை மறைந்திருந்த பிள்ளை, தான் எதை மறைத்தானோ அதையே பத்திரிகையின் முகப்பில் அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்கும் மனிதனாக எப்படி ஆனான்? இந்தக் கேள்வியை நான் பிள்ளைகளிடம் கேட்கிறேன். பாடமாக நடத்தத் தெரியாத விஷயம் இது. கேட்கத்தான் முடியும்.

அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் அணுசக்தித் துறையில் இருப்பதால் அணுபுரத்தில் வசிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பாதி. வெங்கம்பாக்கம், புதுப்பட்டினம் பக்கமிருந்து சைக்கிளில் வருகிற ஊர்ப் பிள்ளைகள் பாதி. வட்டமாக உட்காருவோம். தத்துவ வகுப்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். வேறு நல்ல பெயராக வைக்கச் சொல்லிப் பெற்றோர் பலர் கேட்டார்கள். தத்துவம் என்றால் வயதானவர்கள் சாவைப் பற்றிப் பேசுவது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். எனக்கு அது பதினைந்து வயதுக்கான படிப்பு. ஏனென்றால் ஊர் ஒரு பிள்ளையைப் பார்த்து “நீ யாரு?” என்று கேட்கத் தொடங்கும் வயது அதுதான்.

நான் சேரியில் பிறந்தவன். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். “நீ எந்தத் தெரு?” என்ற கேள்விக்கு என்னென்ன பதில் சொல்லித் தப்பிக்கலாம் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். பள்ளிக்கூடம் எனக்கு இலக்கணம் தந்தது, கணக்கு தந்தது, சம்பளம் தரும் வேலையைத் தந்தது. அந்தக் கேள்வியை எதிரே நிற்கவைத்துத் திருப்பிக் கேட்கும் பழக்கத்தை மட்டும் தரவில்லை. இப்போதும் எந்தப் பிள்ளைக்கும் அது கிடைப்பதாகத் தெரியவில்லை. பெருமைப்படச் சொல்லித்தருகிற மேடைகள் இருக்கின்றன. மறந்துவிடச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. உட்கார்ந்து யோசி, காரணம் சொல், அடுத்தவன் சொல்லும் காரணத்தைக் கேள் என்று சொல்லுகிற இடம்தான் இல்லை.

சீனிவாசனின் கதையை நான் தனியாகச் சொல்வதில்லை. கூடவே அயோத்திதாச பண்டிதரையும் கொண்டுவருவேன். இருவரும் மைத்துனர்கள். சீனிவாசனின் தங்கை தனலட்சுமியைத்தான் பண்டிதர் மணந்திருந்தார். ஒரே காலம், ஒரே சென்னை, ஒரே அவமானம். ஆனால் பண்டிதர் ‘பறையன்’ என்ற பெயரை ஏற்கவே இல்லை. அது எதிரிகள் கொடுத்த பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்ற திராவிடர்கள் என்றார். 1898-ல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை போய்ப் பௌத்தம் தழுவி வந்தார். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1914-ல் இறக்கும்வரை அதில் வரலாற்றையும் பண்டிகைகளையும் பழம்பாடல்களையும் தன் போக்கில் திருப்பிப் படித்துக்கொண்டே இருந்தார். சீனிவாசனோ, ஒளிந்துகொண்டிருக்கும்வரை உரிமை கேட்க முடியாது, பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தால்தான் முடியும் என்றார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தவர் அவர்.

ஒருவர் பெயரைத் தூக்கிப் பிடித்தார், ஒருவர் தூக்கி எறிந்தார். யார் சரி?

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். இத்தனை நாள் அவர்களுக்குக் கிடைத்த பாடங்களில் தலைவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் கெட்டவர்கள் நிற்பார்கள். ஒரே வீட்டில், ஒரே நியாயத்துக்காகப் பாடுபட்ட இருவர் நேர் எதிரான பதில் சொன்னார்கள் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. அதிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்வது என்னவென்றால், தங்களுக்கும் ஒரு பதில் சொல்ல இடம் இருக்கிறது என்பதுதான். “பழைய பேர நாங்க ஏன் சார் சொமக்கணும்?” என்று ஒரு பெண் பண்டிதர் பக்கம் போனாள். “நாம பேரை மாத்தினாலும் அவங்க கண்டுபிடிச்சிடறாங்களே” என்று இன்னொருவன் சீனிவாசன் பக்கம் வந்தான். 1922-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஏடுகளில் ஆதிதிராவிடர் என்ற பெயர் ஏறியதைச் சொன்னேன். அதன் பிறகும் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். 2025 ஏப்ரலில் சேரியைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார் அல்லவா? அதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பெயரை எடுத்தால் தெருவுக்குத் தார் வருமா என்று ஒருவன் கேட்டான். பெயரை எடுத்தால் பஸ்ஸில் இறங்கும்போது எனக்குக் கூச்சம் இருக்காது, தார் அப்புறம் வரட்டும் என்றாள் அந்தப் பெண். இரண்டும் உண்மை. இரண்டையும் தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டு யோசிப்பது கடினம். பெரியவர்களுக்கே கடினம்.

இதைவிடக் கடினமான கேள்வியைக் கொண்டுவந்தவன் ஓர் இருளர் பிள்ளை.

இந்தக் கடற்கரைக்கு இருளர்கள் புதியவர்கள் இல்லை. மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரை முழுக்க அவர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவதை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பு போயிற்று. 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவர்கள் பிடித்துவரும் பாம்புகளிலிருந்து எடுத்த விஷம்தான், நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்தாக எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவும் பெருமைதான். அந்தப் பையனுக்கும் பெருமைதான். ஆனால் அவன் பழங்குடிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்தவர், “பாம்பு பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

“சார், எனக்குப் பாம்பைக் கண்டாலே பயம். அப்ப நான் இருளர் இல்லையா?”

வட்டத்தில் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் பதில் தெரியவில்லை. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து தத்துவக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது: ஒன்று அதுவாக இருப்பதற்கு அதனிடம் எது இருந்தே ஆகவேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் ஒரு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரி இல்லை.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். அப்பா அம்மா இருளர் என்றால் நீயும் இருளர் என்றான் ஒருவன். அப்படியென்றால் அது ரத்தத்தில் இருக்கிறதா என்று இன்னொருத்தி கேட்டாள். ரத்தத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் சாதி பார்க்கிறவனும் அதைத்தானே சொல்கிறான் என்றாள். கன்னியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்றான் ஒருவன். கும்பிடாமல் விட்டால்? பேசும் பேச்சு என்றான் ஒருவன். கடைசியில் அந்தப் பையனே ஒன்று சொன்னான்: “எங்க ஆயா என்கிட்ட எந்தப் பச்சிலை எதுக்குன்னு சொல்லியிருக்கு. அதை நான் மறக்கல. ஆனா யாரும் அதைக் கேக்க மாட்டேங்கறாங்க. பாம்பை மட்டும்தான் கேக்கறாங்க.”

அவன் சொன்னது, வெளியார் தனக்கென்று வரைந்து வைத்திருக்கும் படத்துக்கும் தன் வீட்டுக்குள் தனக்குத் தெரிந்த தனக்கும் நடுவே உள்ள தூரம். 1903-ல் டபிள்யூ.இ.பி. டூபாய்ஸ் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தூரத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: இரட்டை உணர்வு. எப்போதும் அடுத்தவர் கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டே வாழ நேர்கிற நிலை அது. நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அட்லாண்டாவில் இருந்துகொண்டு இவர் நம்மைப் பற்றி எப்படி எழுதினார் என்று கேட்டார்கள். 1946-ல் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதியதையும் அவர் பதில் எழுதியதையும் சொன்னேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் நிலையை ஐ.நா.வுக்கு முறையிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அம்பேத்கர் எழுதினார். 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. பிறகு தன் நாட்டில் தன் மக்கள் எங்கே வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று யோசித்தார். யோசித்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்ற முடிவுக்கு வந்தார். 1965-ல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னது இது.

எனக்கு அந்த நிகழ்ச்சியில் பிடித்தது அவருடைய முடிவு அல்ல, சுருக்கென்றதற்கும் முடிவுக்கும் நடுவில் அவர் யோசித்த சில நிமிஷங்கள். உலகப் புகழ் பெற்ற ஒரு மனிதர், தனக்குப் பிடிக்காத ஒரு பெயரை யாரோ சூட்டியதும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, பல்லிளித்து ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டு, இது என்னைப் பற்றி உண்மை சொல்கிறதா என்று சோதித்தார். அந்தச் சில நிமிஷங்களை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியும் என்று நம்புகிறேன்.

முடியும் என்று நம்பியவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1913-ல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜான் டூயி தத்துவப் பேராசிரியர். சேர்ந்து விசாரிப்பதுதான் அறிவு, சேர்ந்து வாழப் பழகுவதுதான் ஜனநாயகம் என்பது டூயியின் போக்கு. 1936-ல் அம்பேத்கர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் டூயியின் குரல் கேட்கும். 1952-ல் அதே பல்கலைக்கழகம் தரும் கௌரவப் பட்டத்துக்காகப் போனபோது டூயி இறந்துவிட்டார் என்று அறிந்து, தன் அறிவு வாழ்க்கை முழுவதுக்கும் அவருக்குக் கடன்பட்டிருப்பதாக மனைவிக்கு எழுதினார். அதே டூயியைப் படித்து வளர்ந்த மாத்யூ லிப்மன் என்பவர் கொலம்பியாவில் ஆசிரியராக இருந்துவிட்டு, கல்லூரியில் யோசிக்கச் சொல்லித்தருவது ரொம்பத் தாமதம் என்று கண்டார். 1974-ல் நியூஜெர்சியில் குழந்தைகளுக்கான தத்துவக் கழகம் ஒன்றை நிறுவினார். ஒரு கதையைச் சேர்ந்து படிப்பது, கேள்விகளைப் பிள்ளைகளே எழுப்புவது, வட்டமாக உட்கார்ந்து விவாதிப்பது என்பது அவர் முறை. ஒரே ஆசானிடமிருந்து ஒரு கிளை மகாராஷ்டிரத்து மகர் வீட்டுப் பிள்ளையிடம் வந்தது. இன்னொன்று அமெரிக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று. இரண்டும் சேரவேண்டிய இடம் நம் பள்ளிக்கூடம்.

லிப்மன் கதைகளைத் தானே எழுதினார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் இருக்கிறான்.

பெற்ற தாய் விட்டுப்போன குழந்தை அவன். ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. இளம்பூதி என்னும் பார்ப்பனர் எடுத்து வளர்த்து வேதம் சொல்லித்தந்தார். வளர்ந்த பையன், வேள்வியில் பலியிடக் கட்டியிருந்த ஒரு பசுவின் கண்களில் பயத்தைப் பார்த்தான். இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான். பிடித்தார்கள், அடித்தார்கள். வாதத்தில் அவனை வெல்ல முடியாமல் போனபோது ஒருவர் அவன் பிறப்பைச் சொன்னார். இழிபிறப்பு, தொடாதீர்கள் என்றார். அவன் அழவில்லை. உங்கள் ரிஷிகள் எங்கே பிறந்தார்கள் என்று திருப்பிக் கேட்டான். பசுவின் மகன், மானின் மகன், புலியின் மகன், நரியின் மகன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொன்னான். பிறப்பால் அவர்கள் தாழவில்லை என்றால் நான் மட்டும் எப்படித் தாழ்ந்தேன்?

இந்தக் கதையைப் படித்து முடித்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். நான் அங்கே நிறுத்தமாட்டேன், ஏனென்றால் காப்பியமும் அங்கே நிற்கவில்லை. வளர்த்த தகப்பன் அவனைக் கைவிட்டார். ஊரார் அவன் பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். வாதத்தில் ஜெயித்தவன் வீட்டை இழந்தான். இதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லித்தருவது மோசடி. கேள்விக்கு விலை உண்டு. நம் ஊரில் அந்த விலையை உயிராகவும் கொடுத்திருக்கிறார்கள். 1994 அக்டோபர் 10-ல், காரணை பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் செத்தார்கள். அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை 1891-ல் எழுத்தில் வைத்தவர் இதே செங்கல்பட்டின் கலெக்டர் திரமென்ஹீர். அவர் அறிக்கையின் மேல்தான் 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறு வருஷம் கழித்தும் பதில் துப்பாக்கியாக வந்தது. பெரிய பிள்ளைகளுக்கு இதையும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அப்படியானால் ஆபுத்திரன் பேசாமல் இருந்திருக்கலாமா என்று கேட்கிறேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு வரும் பதில்கள் கைதட்டலைவிட மேலானவை. தனியாகக் கேட்டான், அதனால்தான் துரத்தினார்கள் என்றாள் ஒருத்தி. கூட நாலு பேர் இருந்திருந்தால்?

மதுரைக்குப் போனவன் தான் பிச்சையெடுத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றான் என்கிறது காப்பியம். அமுதசுரபி கிடைப்பது அதற்குப் பிறகுதான்.

சில பெற்றோர் என்னிடம் சொல்கிறார்கள்: பிள்ளைகளிடம் சாதியைப் பற்றிப் பேசாதீர்கள், எல்லாரும் மனுஷங்கதான் என்று சொல்லி விட்டுவிடுங்கள். அவர்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் மணிக்கட்டைப் பாருங்கள். எந்த நிறக் கயிறு எந்தச் சாதி என்று தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளைத் தடை செய்வது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுக்கத்தான் வேண்டும். அறுத்த பிறகு அந்தப் பிள்ளையின் மனத்தில் இருப்பதை என்ன செய்வது? பெரியவர்கள் பேசாத இடத்தில் கயிறு விற்கிறவன் பேசிவிட்டுப் போகிறான்.

ஆகையால் என் வட்டத்தில் ஒரு விதி உண்டு: ஒரே சாதிப் பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்துவதில்லை. காயம்பட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி இடம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. இந்த இடம் வேறு. இங்கே முதலில் பேசவேண்டியது அடையாளத்தைச் சுமப்பவன், கேட்டுக்கொண்டிருக்கவேண்டியது மற்றவன். காரணம் இல்லாத கருத்து செல்லாது. அதற்குப் பயிற்சியாக ஒருநாள் மாமல்லபுரத்துப் பெரிய சிற்பப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அர்ச்சுனன் தவம் என்கிறவர்களுக்கும் பகீரதன் தவம் என்கிறவர்களுக்கும் அங்கே ஆதாரம் இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும் மெலிந்த மனிதனை ஒரு கட்சி காட்டியது; நடுப்பிளவில் நீந்தி வரும் நாகங்களையும் மேலே தண்ணீர் தேக்கிய தொட்டியையும் இன்னொரு கட்சி காட்டியது. ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், ஒருவரும் அடுத்தவன் பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பாறையைப் பற்றி அப்படி வாதாடத் தெரிந்த பிள்ளைகள் தங்களைப் பற்றியும் அப்படிப் பேசக் கற்றுக்கொள்வார்கள்.

போன மாதம், வட்டத்தில் இதுவரை அதிகம் பேசாத ஒரு குவார்ட்டர்ஸ் பையன் வாயைத் திறந்தான். நல்ல வசதியான வீடு, ஊரில் செல்வாக்குள்ள சாதி. “சார், இவங்க எல்லாருக்கும் நீ யாருன்னு யாராவது கேட்டிருக்காங்க. என்னை யாருமே கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கிட்டதில்லை. ஏன் எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வரல?” என்றான்.

பாம்புக்குப் பயந்த பிள்ளை அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கேள்வியை அப்படியே பலகையில் எழுதிவைத்திருக்கிறோம். அதற்கு யார் முதலில் பதில் சொல்வது என்பதில் இரண்டு கட்சி. கேட்டவனே சொல்லட்டும் என்கிறார்கள் சிலர். இல்லை, அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியது நாங்கள்தான், முதலில் நாங்கள் கேட்கிறோம் என்கிறாள் பண்டிதர் பக்கம் போன அந்தப் பெண். அடுத்த சனிக்கிழமைக்குள் அவனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.